செல்வி அக்காவின் ரிசல்ட்

ஐப்பசி 14, வியாழன். ஸ்ரீரங்கம்.

தூக்கம் வரவில்லை. காட்டூரில் ஸ்கூல் வேன் ஓட்டிய செல்வி அக்காவின் இரண்டாவது ரிசல்ட் இன்று சென்னையிலிருந்து வந்தது. போதை மருந்து எதுவும் இல்லை.

போன வாரம் பள்ளி அனுப்பி அவர் வந்தபோது, எங்கள் லேபில் அவருடைய சிறுநீரைச் சோதித்தது நான்தான். சோதனைப் பட்டையில் போதை மாத்திரை இருப்பதாகக் காட்டியது. சிலவகைச் சளி மாத்திரை போட்டிருந்தாலும் அப்படிக் காட்டும். எனக்கு அது தெரியும். ஆனாலும், "ஏதாவது மாத்திரை போட்டீங்களாக்கா?" என்று நான் கேட்கவில்லை. இது முடிவான ரிசல்ட் இல்லை என்று பள்ளிக்கு எழுதவும் இல்லை. அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் வந்து அழுத பிறகுதான் மறுசோதனைக்கு அனுப்பினேன்.

இன்று போனில் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை.

"அந்தப் பேப்பரைப் பதினெட்டு காப்பி எடுத்துத் தருவீங்களாம்மா?" என்றார்.

"எதுக்குக்கா அத்தனை?"

"என் வேன்ல வந்த பதினெட்டு புள்ளைங்க வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுக்கணும்."

எடுத்து வைத்துவிட்டேன். காலையில் வந்து வாங்கிக்கொள்வார். நானும் கூட வருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை.