மூடின பெட்டிக்குத் தடியான சீட்டு

19-5-2025, திங்கள்

நேற்று வெண்ணந்தூர் கல்யாணத்தில் மானம் போனது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் உட்கார்ந்து பத்து நிமிடம் இருக்காது. பெண்ணின் அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க, மண்டபத்துக்குப் பக்கத்துல கோழிப்பண்ணை இருக்குதுங்களா?" என்று கேட்டாள். பக்கத்தில் இல்லை. நான் போட்ட வெள்ளை வெல்வெட் நாற்காலியில் இருந்தது.

என் வீட்டுக்காரரின் அண்ணன் சின்னண்ணன், அதாவது என் மச்சாண்டார், காலையில் வேனில் கோழி எரு லோடு அடித்துவிட்டு, கழுவாமல் அப்படியே என் "பொண்ணு மாப்பிள்ளை"யை ஏற்றி வந்திருக்கிறார். மேடையில் போடும் ஜோடிச் சிம்மாசனத்துக்கு எங்கள் அலங்காரத் தொழிலில் அதுதான் பெயர். "பொண்ணைத் தொடை, மாப்பிள்ளையைத் தூக்கு" என்றுதான் ராசாத்தியிடம் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். வேலைக்கு எனக்கு இருக்கும் ஒரே துணை அவள்தான்.

மச்சாண்டாரிடம் கேட்டேன். "எரு லட்சுமி அம்மிணி" என்றார். வேன் வாடகை இரண்டாயிரத்து ஐநூறை மட்டும் லட்சுமிக்காகக் குறைத்துக்கொள்ளவில்லை.

போதும். நாலு பக்கமும் மூடின டிரெய்லர் ஒன்று சொந்தமாக வாங்கப்போகிறேன். இனி அவர் வாசலில் போய் நிற்க மாட்டேன்.

22-5

விலை விசாரித்தேன். எல்லாரும் "எத்தனை அடி?" என்கிறார்கள். அடிக்குப் பதினெட்டாயிரத்து ஐநூறாம். எனக்குப் பத்து அடி வேண்டும். ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் கொடுத்து அடி வாங்குகிறவள் இந்தத் திருச்செங்கோட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கணக்குப் போட்டேன். இழுக்க மாரியப்பன் டிராக்டர், நடைக்கு ஆயிரத்து இருநூறு. வேனை விட ஆயிரத்து முந்நூறு மிச்சம். அப்படியானால் போட்ட பணம் வர நூற்று நாற்பத்து மூன்று கல்யாணம் நடக்க வேண்டும். நம் பக்கம் முப்பத்தைந்து வயதுப் பையன்களுக்கே பெண் கிடைக்கவில்லை. நூற்று நாற்பத்து மூன்று பெண்ணுக்கு நான் எங்கே போவேன்?

25-5

என் வீட்டுக்காரர் சத்தீஸ்கரில் இருந்து கூப்பிட்டார். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு போய் ஐந்து மாதம் ஆகிறது. விஷயத்தைச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். ஒரு லட்சம் அடி துளை போட்ட ஆறு பேர் என் பத்து அடிப் பெட்டிக்கு யோசனை சொன்னார்கள்.

"படுதா போட்டுக் கட்டுனா மூவாயிரத்துல முடிஞ்சுது" என்றார் இவர்.

"ஏனுங்க, படுதா போட்டா மழை நிக்கும். நாத்தம் நிக்குமா?"

ஓட்டெடுப்பு வைத்தார்கள். படுதாவுக்கு நாலு, பெட்டிக்கு இரண்டு. நான் சீட்டை எடுத்துவிட்டேன் என்று சொன்ன பிறகு எல்லாரும் பெட்டிக்கு மாறினார்கள். ஏலத்தில் தள்ளினது போக ஒரு லட்சத்து எழுபதாயிரம் கையில் வந்தது. மூன்று வருடம் கட்டின ஏலச்சீட்டு.

4-6

நாமக்கல் போனேன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை, உரிமையாளர் பெயர் அன்பரசு. மரியாதையான ஆள். நோட்டை எடுத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி.

"உள்ள என்னங்க ஏத்துவீங்க?"

"பொண்ணு மாப்பிள்ளைங்க."

நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு பேரு மட்டுந்தானுங்களா?"

"ரெண்டு மட்டுந்தானுங்க. நனையக் கூடாது, தூசு படக் கூடாது, அலுங்காமப் போயிச் சேரோணும்."

"ஞாயந்தானுங்க. எடை எவ்வளவு வரும்?"

"ஒண்ணொண்ணு அறுவது கிலோ வருங்க."

"ஒல்லிதானுங்க" என்றார். என்ன தொழில் பேச்சோ. மாப்பிள்ளைக்குக் கால் ஒன்று போன வருடம் ஒடிந்து ஆணி வைத்திருக்கிறது, பார்த்து ஏற்ற வேண்டும் என்று சொன்னேன். "அடப் பாவமே, அப்ப படி ஒண்ணு வெச்சறலாங்க" என்றார். நாற்காலிக்குக்கூட இரக்கப்படுகிற மனிதன். மனசு நிறைந்து முன்பணம் ஒரு லட்சம் கொடுத்துவிட்டு வந்தேன்.

20-6

அன்பரசு போன். சீட்டு எப்படிப் போடட்டும் என்று கேட்டார். சாதா சீட்டு என்றால் பேசின விலைதான், தடி சீட்டு என்றால் பதினாறாயிரம் கூட.

"தடியாவே போடுங்க. மெல்லிசாப் போட்டா ஒரே வருசத்துல நசுங்கிரும்."

"கலருங்க?"

"செவப்பு."

நூற்று ஐம்பத்தைந்து கல்யாணம்.

8-7

மறுபடியும் போன். காற்று வேண்டுமா என்றார். லேசாக வரட்டும், அடைத்து வைத்தால் வாடை பிடிக்கும் என்றேன். "ஆமாங்க, வேர்க்குமில்லீங்களா" என்றார். தகரம் வேர்க்குமாம். எனக்கு இது புதுச் செய்தி. ஒன்பதாயிரத்து ஐநூறு.

நூற்று அறுபத்திரண்டு.

15-7

லைட் வேண்டுமா என்றார். விடிகாலை முகூர்த்தத்துக்கு இருட்டிலேயே ஏற்ற வேண்டியிருக்கும், போடுங்கள் என்றேன். ஏழாயிரத்து ஐநூறு. எத்தனை கல்யாணம் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

23-7

வேலை முடிந்துவிட்டதாம். ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது, ஆவணியில் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்கிறார். எடப்பாடி பெரியநாயகியம்மா வீட்டுக் கல்யாணம் ஆகஸ்ட் 28. எழுபது தறி ஓடுகிற வீடு. அங்கே நல்ல பேர் எடுத்தால் எடப்பாடி முழுக்க எனக்குத்தான். அங்கேயும் எரு வாடை அடித்தால் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

26-8



பெட்டி வந்தது. இறங்கினதும் அன்பரசு கேட்ட முதல் கேள்வி: "மாப்பிள்ளைக்குக் கால் தேவலைங்களா?"

கதவைத் திறந்தார். உள்ளே சிவப்பு ரெக்ஸின் தைத்த, நாலு அங்குலம் மெத்தை வைத்த, இரண்டு பேர் உட்காரும் சீட்டு. உட்காரும் சீட்டு! இரண்டு பக்கமும் ஜன்னல், திரைச்சீலை. மேலே ஃபேன். முகம் பார்க்கக் கண்ணாடி. ஏறப் படி, படிக்குக் கைப்பிடி. கதவின் வெளிப்பக்கம் பூ வளையத்துக்குள் எழுதியிருக்கிறார்: "உள்ளே புதுமணத் தம்பதி. ஒலி எழுப்பாதீர்."

"சீட்டுன்னா தகரஞ் சாமி! தகரம்! செவுத்துக்குப் போடறது!" என்று கத்தினேன்.

"தகரத்தை நாங்க தகரம்னுதானுங்க சொல்லுவோம்" என்றார், பாவம். அவர் முகமும் வெளிறிவிட்டது.

சீட்டை அடிச்சட்டத்தோடு சேர்த்து வெல்டு வைத்திருக்கிறது. அறுத்தால் தரையும் சேர்ந்து வரும், பத்து நாள் ஆகும். நாற்காலி ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ராசாத்தி மட்டும் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். "அக்கா, நல்லாத்தான் இருக்குது" என்றாள். அவளை என்ன செய்வது? ஒரு சீட்டில் வந்த பணம் இன்னொரு சீட்டில் போய்ச் சேர்ந்தது. எனக்கு என்ன புத்தி? தொழில் பேச்சைத் தொழில் தெரியாதவரிடம் பேசலாமா? ஓவென்று அழுதேன். அழுதால் மட்டும் அறுபது கிலோ நாற்காலி உள்ளே போய்விடுமா?

27-8

மச்சாண்டார் வீட்டுக்குப் போனேன். வாசலில் அரை மணி நேரம் நின்றேன். "அதான் சொந்தமாப் பொட்டி வாங்கிப்போட்டியே அம்மிணி" என்று பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். மூவாயிரத்து ஐநூறு கேட்டார். கொடுத்தேன். வேனை நானும் ராசாத்தியும் மூன்று தடவை கழுவி, சாம்பிராணி போட்டோம். இப்போது எருவும் சாம்பிராணியும் சேர்ந்து ஒரு புது வாடை.

29-8

நேற்று நடந்ததை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

நாற்காலிகள் வேனில் போயின. பூவும் தட்டும் துணியும் பெட்டியில் சீட்டைச் சுற்றிப் போயின. மண்டபத்தில் இறக்கிவிட்டு, பெட்டியைக் கோயில் பக்கம் நிறுத்தும்படி மாரியப்பனிடம் சொல்லியிருந்தேன். கோயிலில் தாலி கட்டி வெளியே வருகிற நேரம் மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் ஊர்வலத்துக்குப் பேசியிருந்தது திறந்த ஜீப். பெண் தமிழினி பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பெரியநாயகியம்மா என் பெட்டிக் கதவில் எழுதியிருந்ததைப் படித்தார்.

"ஏனம்மிணி, இத்தனை நேரம் சொல்லாம நிக்கறே? எம்பட புள்ள நனையறாளல்லோ, தொறந்து உடு!"

திறந்தேன். ஏறினார்கள். ஃபேன் சுற்றியது. மாரியப்பன் டிராக்டரை நடைவேகத்தில் ஓட்ட, கொட்டுக்காரர்கள் நனைந்துகொண்டே முன்னால் போனார்கள். ஜன்னல் வழியாகத் தமிழினி கை ஆட்டினாள். மண்டபம் வருவதற்குள் நாலு பேர் என் நம்பரை வாங்கிவிட்டார்கள்.

மேடையில் நாற்காலி வாடை அடித்திருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

3-9

பெட்டியை இனி ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறேன், கோயிலில் இருந்து மண்டபம் வரைக்கும் மட்டும். மெயின் ரோட்டுக்கு ஆள் ஏற்றுவதில்லை. நடைக்கு எட்டாயிரம். அன்பரசுவுக்குப் போன் செய்து கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேன். மாப்பிள்ளையை மறுபடியும் விசாரித்தார்.

9-11

புரட்டாசி போக இதுவரை ஏழு நடை. நாற்காலிகள் இப்போது ராசிபுரத்து மினிவேனில் போகின்றன. துணி மட்டுமே ஏற்றும் வண்டி.

இன்று காலை மச்சாண்டார் கூப்பிட்டார். மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார்.

"அம்மிணி, நம்ம பொட்டி அன்னிக்கு வருமில்ல?"

"வருமுங்க மாமா. எட்டாயிரம். பாதி முன்பணம் போட்டு உட்டுருங்க."

"சொந்தத்துக்கும் முன்பணமா?"

"சொந்தத்துக்கு மட்டுந்தானுங்க மாமா. மத்தவங்க வேலை முடிஞ்சதும் குடுத்தர்றாங்க."

"இந்த நம்பருக்கே போட்டறட்டுமா?" என்றார்.