உடுவிலில் எனக்கு ஓய்வு விசா

என் பரமேஸ் அக்காவுக்கு,

விசா கிடைத்துவிட்டது. முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். படலையைத் திறந்து உள்ளே வந்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

போன மாரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கேட்டீர்கள்: "நான் போனாப்பிறகு நீர் எங்கை போவீர், சரோ?"

நான் உங்கள் போர்வையை இழுத்துவிட்டேன். நான் மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவள். செயற்கைக் கால் பொருத்தும் நிலையமொன்றில் வேலைக்காக யாழ்ப்பாணம் வந்து, ஆறு மாதத்துக்கென்று உடுவிலில் உங்கள் முன்னறையை வாடகைக்கு எடுத்தவள். அது இருபது வருடமாக நீண்டுபோனாலும், வேலை இருக்கும்வரைதான் சட்டப்படி நான் இங்கே இருக்கலாம்.

பங்குனியில் வேலையும் முடிந்தது. வயது அறுபது. நிலையத்தில் மாலை போட்டார்கள், வடை தந்தார்கள். "விசாவை இனி எங்களாலை நீடிக்கேலாது, மிஸ்" என்றார்கள். ஈப்போவில் தம்பி மகன் தன் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை ஒதுக்கித் தருவதாகச் சொன்னான். நல்ல பிள்ளை. ஆனாலும், குழம்பில் தேங்காய்ப்பால் கூடிப்போச்சென்று அங்கே யார் என்னோடு சண்டை பிடிப்பார்?

ஓய்வு பெற்ற வெளிநாட்டவருக்கென்று தனி விசா இருப்பதை நிலையத்துக் கணக்காளர்தான் சொன்னார். மலேசியாவில் இருந்த சேமிப்பை இங்கே வங்கிக்கு மாற்றினேன். அதெல்லாம் சுலபமாக முடிந்தது. சிக்கியது, விசாவுக்குக் காட்டவேண்டிய விலாசத்தில். வீடு உங்கள் பெயரில், நீங்களோ இல்லை. கனடாவில் இருக்கும் உங்கள் அண்ணையைப் பயந்து பயந்துதான் தொலைபேசியில் கூப்பிட்டேன். வீட்டை விற்கப்போகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் அதோடு எல்லாம் முடிந்திருக்கும். அவரோ, "நீங்கள் இருந்தால்தானே பிள்ளை அது வீடு" என்றார்.

கிராம அலுவலரான விதானையாரிடமும் அவரே கதைத்தார். நான் இந்த வீட்டில்தான் வசிக்கிறேன் என்று உறுதிப்படுத்திக் கையெழுத்து வைத்த விதானையார், பக்கத்தில் இருந்தவரிடம் சலித்துக்கொண்டார்: "உவ எங்கடை ஊர் ஆள்தானே. உதுக்கும் ஒரு கடிதமோ?"

அந்தச் சலிப்பு எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா, அக்கா?

கொழும்பில் விசாக் கந்தோரில் ஒரு தமிழ்ப் பிள்ளை என் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள்.

"இஞ்சை சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ, அன்ரி?"

"அக்கா இருந்தவ. போன மாரியிலை தவறிப்போனா."

"சொந்த அக்காவோ?"

"ஓம்" என்றேன். யோசிக்கவே இல்லை. நீங்கள் சொல்லுங்கள், அது பொய்யா?

"இந்த விசாவிலை வேலை செய்யேலாது. இனி என்ன செய்யப்போறியள்?"

"சும்மா இருக்கப்போறன்."

அவள் சிரித்துவிட்டாள். "குடுத்து வைச்சனீங்கள்."

நேற்று காங்கேசன்துறையிலிருந்து நமசிவாயம் அண்ணை வந்தார். நான் இங்கே வந்த புதிதில் கால் பொருத்திவிட்ட கடற்தொழிலாளி. செயற்கைக் காலின் வார் தொடையை உரசுகிறதாம். கை துறுதுறுத்தது. ஆனாலும், "நான் இனித் தொடக்கூடாது அண்ணை, நிலையத்துக்குப் போங்கோ" என்றேன். அவர் முகம் வாடியது. பிறகு, "அப்ப கால் நோகாத நாளிலையும் வரலாமோ? தேத்தண்ணி தருவியளோ?" என்றார். இருந்து, மழையைப் பற்றியும் மகளின் கலியாணத்தைப் பற்றியும் கதைத்துவிட்டுத்தான் போனார். இத்தனை வருடத்தில் நான் அவர் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக் கதைத்தது நேற்றுத்தான். நீங்கள் இருந்திருந்தால் குசினியிலிருந்து எத்தனை தரம் எட்டிப் பார்த்திருப்பீர்கள்!

வருடம் முடிகிற உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு அண்ணை வருகிறார். கனடாப் பாஸ்போர்ட் என்பதால் அவருக்கு ஒரு மாதச் சுற்றுலா விசாதான். இந்த வீட்டில் பிறந்தவருக்கு ஒரு மாதம். ஈப்போக்காரிக்கு இரண்டு வருடம், அதன் பிறகும் புதுப்பிக்கலாம். இதைச் சொல்லி அவர் தொலைபேசியில் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது எனக்குக் கேட்டது.

அவருக்காக உங்கள் அறையை வெள்ளையடித்து வைக்கிறேன். அவர் வந்து இறங்கும்போது படலையில் நின்று, வீட்டுக்காரியாக, "வாங்கோ அண்ணை" என்று நானே கூப்பிடுவேன். வருசா வருசம் கூப்பிடுவேன், அக்கா. இது சத்தியம்.

உங்கள் சொந்தத் தங்கச்சி,
சரோ