நீலப் பெயிண்ட் டப்பாவில் இருந்த கிழங்கு

மண்ணை வெறும் மண் என்று ஒருநாளும் நினைக்காத என் நூர்ஜஹான் அக்காவுக்கு,

உங்கள்மேல் எனக்குக் கோபம். போய்ச் சேர்ந்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். படாமல் என்ன செய்ய? மொட்டை மாடியில் நாற்பத்து மூன்று தொட்டி வைத்திருந்தீர்கள். எதில் எந்தக் கிழங்கு, எது எந்த மாதம் தூங்கும், எது எப்போது விழிக்கும் என்று ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வைத்தீர்களா? குச்சி ஐஸ் குச்சியில் பேனாவால் பெயர் எழுதிச் செருகினீர்கள். சேலத்து வெயில் இரண்டே மாதத்தில் எல்லாப் பெயரையும் தின்றுவிட்டது. கேட்டால், "மனசுல இருக்குதுடி, எழுத்து எதுக்கு?" என்றீர்கள். அந்த மனசை நான் இப்போது எங்கே போய்த் தேடுவேன்?

ஊரே ரோஜாவும் மல்லியும் வளர்த்தபோது நாம் இருவர் மட்டும் பிரேசில், பெரு, ஆப்பிரிக்கா என்று எங்கெங்கோ வெயில் நாட்டுக் கிழங்குகளுக்கு அலைந்தோம். ஏற்காடு அடிவாரத்து நர்சரியில் ஒற்றைக் கிழங்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோமே, அப்படித்தானே பழக்கமானோம்? கடைசியில் வாங்கியது நீங்கள். மறு வருடம் அது போட்ட குட்டியைப் பிரித்து, செய்தித்தாளில் சுற்றி, ராசிபுரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினீர்கள். என் தையல் கடை வாசலில் அவர் இறங்கி நின்று, "ஏனுங்க, சேலத்துல இருந்து ஒரே ஒரு வெங்காயம் வந்துருக்குதுங்க" என்றார். அன்றிலிருந்து நீங்கள் எனக்கு அக்கா.

உங்கள் வீட்டுக்காரர் கபூர் அண்ணன் மாடிப் பக்கமே வந்தது கிடையாது. "வெங்காயம் வளக்குறா, வெட்டவும் மாட்டா, விக்கவும் மாட்டா" என்று கீழேயிருந்தே கேலி பேசுவார். நீங்கள் சிரித்துக்கொண்டே, "இந்த மனுசனுக்குக் குழம்புல போட்டாத்தான் வெங்காயம்" என்பீர்கள்.

எல்லாவற்றிலும் உங்கள் உயிர் மீசைக்காரன்தான். ஈக்வடார் நாட்டு வறண்ட காட்டில் வளரும் கிழங்கு. இலையே இல்லாமல் தண்டு மட்டும் எழும், உச்சியில் ஆரஞ்சுப் பூக்கள், பூவை விட்டு வெளியே வளைந்து தொங்கும் நீண்ட இழைகள். எல்லாம் படத்தில் பார்த்ததுதான். படத்தைப் பார்த்தே பெயர் வைத்துவிட்டீர்கள். நீலப் பெயிண்ட் டப்பாவில் ஓட்டை போட்டு நட்டு, தண்ணீர்த் தொட்டி ஓரமாக வைத்தீர்கள். ஐந்து வருடம். இலை விடுவான், கார்த்திகையில் வாடுவான், தூங்குவான், மறுபடி இலை விடுவான். பூ மட்டும் கிடையாது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவில்லை, அண்ணனைப் பற்றிச் சொல்லவில்லை. "மீசைக்காரனப் பாத்துக்க கோமதி" என்றீர்கள். "பாத்துக்கறேனுங்க்கா, தெகிரியமா இருங்க" என்றேன்.

நீங்கள் போனதும் கார்த்திகையில்தான். நம் வாட்ஸ்அப் கிழங்குக் குழுவில் ஆளாளுக்கு இரங்கல் போட்டார்கள். அந்தக் கும்பிட்ட கைகள் மறைவதற்குள் ஒருத்தி கேட்கிறாள், அக்காவோட கிழங்கெல்லாம் யாருக்கு என்று. நான் குழுவை விட்டே வெளியேறிவிட்டேன். அதற்கு வருத்தமில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும் சடங்குக்கு வந்தேன். மாடிக்குப் போனால் கபூர் அண்ணன் பூவாளியோடு நிற்கிறார். எல்லாத் தொட்டியும் சொதசொதவென்று நனைந்து கிடக்கிறது. இலை வாடித் தூங்குகிற கிழங்குக்குத் தண்ணீர் விஷம் என்று அவருக்கு யார் சொன்னது? வெறும் மண்ணைப் பார்த்திருக்கிறார், செடி காய்ந்து போனது தண்ணீர் இல்லாமல்தான் என்று நினைத்திருக்கிறார். "விடியக்காலை தொழுதுட்டு வந்து மொத வேலை இதுதாம்மா. ஒரு நாளும் விடல. அவ இருக்கறப்ப ஒரு சொம்பு ஊத்துனவன் இல்ல நான். இப்பவாச்சும் ஊத்துறேன்" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது, அக்கா? "சரிங்ணா" என்றேன். கீழே வந்து நெய்ச்சோறு சாப்பிட்டேன். பஸ் ஏறி வந்துவிட்டேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். நாளைக்குப் போன் பண்ணிச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று கல்யாண சீசன் ஜாக்கெட் தைப்பில் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

மாசியில் மனசு கேட்காமல் மறுபடி வந்தேன். முதல் தொட்டியில் விரலை விட்டதும் தெரிந்துவிட்டது. கிழங்கு இருந்த இடத்தில் கூழ். அழுகல் வாடை குப்பென்று அடித்தது. ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். ஆறே ஆறு கிழங்கு கெட்டியாக இருந்தது. பத்து வருடமாக நீங்கள் சேர்த்ததில் ஆறு.

அண்ணன் படியருகில் நின்று, "எல்லாம் செத்துப்போச்சாம்மா?" என்றார்.

"நீங்க ஊத்துன தண்ணிதாங்ணா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். "தூங்கற கெழங்குக்குத் தண்ணியே ஆகாதுங்ணா."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பூவாளி கையிலேயே இருந்தது. நாற்பதாம் நாளே சொல்லியிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். சொல்லாமலே இருந்திருந்தால் அந்த மனுஷன் நொறுங்காமலாவது இருந்திருப்பார். இரண்டிலும் தோற்றேன்.

பிறகுதான் உறைத்தது, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நீல டப்பா இல்லை; நாற்பதாம் நாள் இருந்த பதற்றத்தில் அதைக் கவனிக்கவே இல்லை நான். பதறிப்போய்க் கேட்டேன். "அதுவா," என்றார் அவர் தரையைப் பார்த்தபடி. "அவ அதுக்குத்தான ரொம்பப் பாடுபட்டா. மூணாம் நாளே டப்பாவோட எடுத்துட்டுப் போயி, கிழங்கை அவ கபர்ல, அவள அடக்கம் பண்ணுன மண்ணுல நட்டுட்டேம்மா. தலைமாட்டுல ஊனுன மருதாணிக் கொப்புக்குப் பக்கத்துல."

பார்த்துக்கொள்கிறேன் என்று நான் வாக்குக் கொடுத்த கிழங்கு, நான் உள்ளே போக முடியாத இடத்தில் இருக்கிறது. உங்கள் ஆட்களில் பெண்கள் கபரஸ்தானுக்கு, அந்த அடக்கம் செய்யும் இடத்துக்கு, போகும் வழக்கம் இல்லை. "அங்க தினமும் தண்ணி ஊத்துனீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்லம்மா. அங்க பைப்புல தண்ணி வராது. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு எங்க கொடம் தூக்க? வெள்ளிக்கிழமை போவேன், ஓதிட்டு வந்துருவேன். அந்தக் குத்தம்தான் மனசை அரிக்குது."

"குத்தமில்லீங்ணா. அப்படியே விடுங்க. ஒரு சொட்டு வேண்டாம்" என்றேன்.

சித்திரைக் கடைசியில் இடியோடு முதல் கோடை மழை. ராசிபுரத்தில் அரை மணி நேரம், சேலத்தில் அதற்கும் மேல் என்றார்கள். பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது போனில் ஒரு படம் வந்தது. அண்ணனுக்கு நேராகப் படம் எடுக்கத் தெரியாது. பாதிக்கு அவருடைய செருப்பு, மீதியில் ஈரச் செம்மண், மருதாணிக் கொப்பு. அதன் பக்கத்தில் இலையே இல்லாத ஒற்றைத் தண்டு. உச்சியில் ஆரஞ்சுப் பூக்கள், வளைந்து தொங்கும் மீசை. அந்தப் படத்தோடு ஒரு குரல் பதிவு: "கோமதிம்மா, இது எதோ பூத்திருக்கு. இது சரியான பூதானா?"

கடையில் ஜாக்கெட் வாங்க வந்தவள் முன்னால் அழுதேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

இப்போது சொல்லுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் அவன் ஏன் பூக்கவில்லை? நான்தான் காரணம். "பாவம்ங்க்கா, நம்மூரு வெயிலுக்கு வாரம் ஒரு டம்ளராச்சும் ஊத்துங்க" என்று ஒவ்வொரு மாசியும் நச்சரித்தது நான்தானே? நீங்களும் எனக்காக ஊற்றினீர்கள். முழுசாகக் காய்ந்து தூங்கினால்தான் பூக்கிற அவனை ஒரு வருடமும் நிம்மதியாகத் தூங்கவிடவில்லை நாம். அண்ணன் நாலு மாதத்தில் செய்ததைத்தான் நாமும் டம்ளர் டம்ளராகச் செய்தோம். இந்த லட்சணத்தில் அவரைப் படியில் உட்கார வைத்தேன். அதை அவரிடம் சொல்லிவிட்டேன், அக்கா. "அப்ப நீயும் வெங்காயக்காரிதான்" என்றார். நீங்கள் போனபின் அவர் பேசிய முதல் கேலி.

ஆனாலும் ஆற்றாமை தீரவில்லை. ஐந்து வருடம் காத்தது நாம் இருவர். பார்த்தது, பூவின் பெயர்கூடத் தெரியாத அவர். எனக்குக் கிடைத்தது பாதிச் செருப்போடு ஒரு படம். உங்களுக்கு? தலைமாட்டில் பூத்தது தெரிந்ததா, தெரியவில்லையா?

ஆறு கிழங்கும் என் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு தொட்டியிலும் பெயரைத் தகரத்தில் ஆணியால் கீறிக் கட்டியிருக்கிறேன். மீசைக்காரனைத் தோண்டிக் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். அவன் உங்களிடமே இருக்கட்டும். அடுத்த சித்திரையில் மழை பெய்ததும் வருகிறேன், கபரஸ்தான் சுவருக்கு வெளியே நிற்கிறேன். அண்ணன் உள்ளேயிருந்து எத்தனை பூ என்று எண்ணிச் சொல்லட்டும். அவன் தூங்கும் மாதங்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம். நீங்களும் அவனும் நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு மன்னிப்புக் கேட்கும்
உங்கள் ராசிபுரத்துத் தங்கச்சி,
கோமதி