மடிக்கணினிக்கு இட்ட பொட்டு

திருவருள் முன்னிற்க. மழை பொய்க்காத மணிநீர் நாட்டை ஆளும் பெருமாட்டி இளவெயினியார் பெயரால், தலைமை அமைச்சன் சேந்தன் நம்பி, கூவலூர்க் கோட்டத்தின் தலைவரும், பக்தியில் தம்மை விஞ்சியவர் எவருமில்லை என்று தாமே பலமுறை எழுதியறிவித்தவருமாகிய அருளாள மாராயருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைக, கறவைகள் பெருகுக, கோபம் மட்டும் சற்றுக் குறைக.

தாங்கள் பட்டுப் போர்த்திப் பல்லக்கில் அனுப்பிய மடிக்கணினியின் சடலம் வந்து சேர்ந்தது. சங்கு ஊதிக்கொண்டு வந்தபடியால், யார் வீட்டுச் சாவோ என்று அரண்மனைப் பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள்.

அக்கணினியை இயக்கிவந்த அல்லிக்கோதை என்பவள், தங்கள் முன் வந்து, "செத்துப்போச்சுங்கய்யா, உசுரே வரல" என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். அவள் நாள்தோறும் அதைத் தட்டியதற்குச் சாட்சிகள் உண்டென்றும், ஆகவே கொலைக் குற்றத்துக்காக அவளை நாடு கடத்த முத்திரையிட்டுத் தர வேண்டுமென்றும் கேட்டிருந்தீர்கள். தட்டச்சு செய்பவள் தட்டாமல் வேறென்ன செய்வாள் என்று கேட்கத் தங்கள் அவையில் ஒருவரும் துணியவில்லை போலும்.

முத்திரையைக் கையில் எடுத்தபோது, பல்லக்குத் தூக்கி வந்தவர் ஒருவர் ஒரு செய்தி சொன்னார். புறப்படும் வேளையில் சிறைச் சன்னல் வழியே அப்பெண், "குலுக்காமக் கொண்டு போங்கண்ணே, பாவம், பழசு. மழை வந்தா நனைய விட்றாதீங்க" என்று தன் போர்வையைக் கொடுத்தனுப்பினாளாம். தங்கள் பட்டுக்கு அடியில் அந்தப் போர்வை இருந்தது. கொன்றவள் போர்த்திவிடுவாளோ என்று எம் மனம் தயங்கியது. முத்திரையைக் கீழே வைத்தோம்.

பிறகு யாமே சோதித்தோம். சார்ஜரைச் சுவரில் வேறிடத்தில் செருகினோம். வேறு சார்ஜரும் போட்டுப் பார்த்தோம். பேட்டரியைக் கழற்றி, பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடித்து, மீண்டும் பொருத்தினோம். பயனில்லை. கிழடான அந்தப் பேட்டரிக்குச் சொந்த வலுவே கிடையாது. மின்சாரம் ஊட்டினால்தான் கணினி கண் திறக்கும். ஊட்டும் துளையிலோ, சார்ஜரின் முனை பாதியிலேயே நின்றது. ஈர்க்குச்சியால் மெல்லக் கிளறினோம். உதிர்ந்தது துரு அன்று, சந்தனம். அதன்மேல் குங்குமம்.

தங்கள் ஓலையை மறுபடி படித்தோம். ஆயுத பூஜையன்று தாங்களே திருக்கையால் ஒரு துளையும் விடாமல் பொட்டிட்டதாகவும், அவ்வளவு அருள் பெற்ற மறுநாளே அது மாண்டது அவள் செய்த பாவத்தால் என்றும் எழுதியிருந்தீர்கள்.

காய்ந்த சந்தனத்தை நீக்கிச் செருகினோம். கணினி விழித்தது, திரையில் தங்கள் திருவுருவம் புன்னகைத்தது. இறைவனுக்குச் சந்தனம் உகந்ததுதான். ஒரு பெண்ணின் பிழைப்பை அடைக்கும் சந்தனத்தை அவன் கேட்டதாக எமக்குத் தெரியவில்லை.

ஆகவே கட்டளை. இவ்வோலை கண்டவுடன் அல்லிக்கோதையின் சிறைக் கதவைத் தாங்களே திறக்கவும். உடன் வரும் போர்வையைத் தாங்களே மடித்து அவள் கையில் கொடுத்து, பிழை தம்முடையது என்று ஊரார் கேட்கச் சொல்லவும். கணினி அவள் பொறுப்பிலேயே இருக்கும். அடுத்த பூஜையில் பொட்டிடுபவளும் அவளே. மூடியின்மேல் ஒன்று போதும் என்பது அவளுக்குத் தெரியும். தாங்கள் கற்பூரத் தட்டோடு சற்றுத் தள்ளி நிற்கவும்.

நாடு கடத்தும் ஆணை முத்திரை பெறாமல் திரும்புகிறது. இவ்வோலைக்கு அரக்கில் முத்திரையிட்டோம். சந்தனம் இல்லாததால் அன்று. கணினியிலிருந்து எடுத்ததே ஒரு சிமிழ் இருக்கிறது.