வெள்ளிக்கிழமை வரைபடம்

முத்துப்பேட்டை,
ஞாயிறு.

மீரா உசேன் காக்காவுக்கு, தங்கை மர்யம் கோபத்தோடு சொல்லும் சலாம். சலாம் கடமை, சொல்லிவிட்டேன். சுகம் விசாரிப்பது கடமையில்லை, விட்டுவிட்டேன். உன் ஆபீஸில் காக்கா என்றால் அண்ணன் என்று சொல்லி வை. இல்லாவிட்டால் உன்னையும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்த்துவிடப் போகிறார்கள்.

சென்னையில் உட்கார்ந்து நீ வண்ணம் தீட்டிய வரைபடத்தை நேற்றுச் சாயங்காலம் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் திரையில் காட்டினார்கள். அலையாத்திக் காடு முழுக்கச் சிவப்பு. இனி யாரும் நுழையக் கூடாதாம். வாப்பா மீன் பிடிக்கிற வாய்க்காலும் சிவப்புக்குள். ஏன் என்று கேட்டால், அந்தப் பக்கம் மனிதர் நடமாட்டமே இல்லை என்று தரவு சொல்கிறதாம். அது சொன்னால் தரவு, நாங்கள் சொன்னால் தகராறு.

அந்தத் தரவு எப்படி வந்தது தெரியுமா? உன் ஆட்களுக்கு வாடகைப் படகு கிடைத்ததே வெள்ளிக்கிழமைகளில்தான். ஜும்ஆ தொழுகை நாளில் நம் ஆட்கள் வலை போடுவதில்லை, படகெல்லாம் கரையில் சும்மா கிடக்கும். வாப்பாவின் படகிலேயே ஏறிப்போய், லகூன் காயலில் ஒரு படகுகூட இல்லை என்று எழுதி வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது, சரி. உனக்குமா?

காடு வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வருஷா வருஷம் வாப்பா சேறு வாரி வாய்க்காலைத் திறப்பதால்தான் கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிறது, கரையில் அலையாத்திக் கன்று முளைக்கிறது. கொக்கும் வாப்பாவும் ஒரே வாய்க்காலில்தான் மீனுக்கு நிற்கிறார்கள். நீங்கள் கொக்கை மட்டும் எண்ணினீர்கள்.

நானும் ஓர் ஆய்வு செய்தேன், உன் அறையில். நீ இல்லாத நாளாகப் பார்த்து. இரண்டு பல்லி, ஒரு குளவிக்கூடு, மனிதர் நடமாட்டம் இல்லை. கதவில் சிவப்புத் துணி கட்டிவிட்டேன். பெருநாளுக்கு வந்தால் வாசலில் படு. உம்மா அவிழ்க்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன்.

கூட்டத்தில் ஜெக்கரியா மாமா எழுந்து, இதை வரைந்தவன் எவன் என்று சத்தம் போட்டார். மகன் வரைபட ஆபீஸில் இருக்கிறான் என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லி வைத்தவர் வாப்பா. அத்தனை பேரும் அவரையே திரும்பிப் பார்த்தார்கள். வாப்பா எழுந்தார்.

"நம்ம ஊர்க்காரன் இல்லைங்க. வெள்ளிக்கிழமை தெரியாதவன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

ஆட்சேபணை சொல்ல இந்த மாசக் கடைசி வரை நேரம் இருக்கிறதாம். அதற்குள் ஒரு சனிக்கிழமை விடியலில் வா. அளவெடுக்கிற கருவியோடு வா. படகில் ஏறி, வாய்க்காலில் நிற்கிற ஆளை எண்ணு. வாப்பா பேச மாட்டார், படகை நிறுத்தி வைப்பார்.

அல்லாஹ் உன் கண்ணுக்கு வெளிச்சம் தரட்டும். கதவுத் துணியில் முடிச்சை லேசாகத்தான் போட்டிருக்கிறேன்.

மர்யம்