நானாவின் வெள்ளிப் பெயின்ட்

செவ்வாய் இரவு, மழை.

தூக்கம் வரவில்லை. கட்டுகஸ்தோட்டை பாரூக் நானாவிடம் நான் வாங்கியிருக்கும் பழைய அச்சு மெஷினை இன்று பார்க்கப் போனேன். ஆசையாக வெள்ளிப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். எண்ணெய் விடும் துளைகளெல்லாம் அடைபட்டிருந்தன.

“இப்ப புதுசு மாதிரி ஈக்கிது தங்கச்சி!”

ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்தித் திறந்தேன். அவர் முகம் வாடியது. கை கழுவிவிட்டு வந்தால், நான் சுரண்டிய இடங்களில் மறுபடியும் பூசிக்கொண்டிருக்கிறார்!

சத்தம் போட்டிருக்க வேண்டும். “நல்லாருக்கு நானா” என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

என்னிடம் அதை வாங்கும் செல்வி காலையில் மஹய்யாவவிலிருந்து லொறியோடு நேரே அங்கே வருகிறாள். வந்ததும் மெஷினின் கால்மிதியை மிதித்து ஓட்டிப் பார்ப்பாள். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால்...

ஊசியைக் கைப்பையில் வைத்துவிட்டேன். முதல் பஸ்ஸிலேயே போக வேண்டும். ஆனால் நானா விடியுமுன் சுபஹு தொழுகைக்கே எழும்பிவிடுவார். டின்னில் இன்னும் பெயின்ட் இருக்கிறது.