பன்னிரண்டு அடிச் சந்து

தலைவரம்மாவுக்கு,

நேற்றுக் காலை ரோட்டோர மளிகைக்கடை வாசலில் கல்லுப்பு மூட்டை ஒன்று தையல் விட்டுப் பிரிந்தது. இறக்கியவர் கையில் வெறும் சாக்கு நின்றது. உப்பெல்லாம் படியிலிருந்து பாதி ரோடு வரைக்கும் கோடு இழுத்தாற்போல் கொட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கச்சி மகள் ஸ்கூட்டரில் வந்தாள். நீங்கள் தூக்கி வளர்த்த பெண். வேகமும் உங்கள் வேகம்தான். கோட்டைக் கண்டதும் பிரேக் போட்டாள். ஒரு காலை ஊன்றி, கடைக்காரர் துடைப்பம் எடுத்து வந்து அள்ளி முடிக்கும் வரை அப்படியே நின்றாள். பின்னால் பாண்டிச்சேரி பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்தது. "உப்பு கெடக்குது, கண்ணு தெரியலையா? இது மேல எப்படிங்க வண்டிய ஏத்தறது?" என்று டிரைவரிடமே சண்டைக்குப் போனாள்.

டீக்கடை பெஞ்சிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி டீயை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது.

நான் எட்டாவது வரை படித்தவன். அதிலும் ஏழாவதை விருப்பப்பட்டு இரண்டு தடவை படித்தவன். ஆகையால் எழுத்தில் பிழை இருந்தால் தள்ளிவிடுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது. மரக்காணத்திலிருந்து வானூர் வரைக்கும் என்னளவு உலகம் தெரிந்த உப்பள மேஸ்திரி இன்றைக்கும் கிடையாது. இந்த இடத்தில் நீங்கள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்ன சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். "மேஸ்திரி பேசறது பூரா உப்புத்தண்ணி. காயவெச்சுப் பாத்தாத்தான் உப்பு எவ்ளோன்னு தெரியும்." பி.டி.ஓ. முன்னாலேயே சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்ததே இல்லை. காயவைத்தால் ஏதோ தேறும் என்று நம்பிய ஒரே ஆள் நீங்கள்தானே.

சுனாமி வந்து போன அடுத்த வருஷம் அது. கடலோரக் குப்பத்துச் சனம் முழுக்கத் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தது. வீடு, ரோடு, கால்வாய் எல்லாவற்றுக்கும் மத்திய அரசு பணம் தரும். ஆனால் எது எங்கே வர வேண்டும் என்று ஊராட்சிதான் திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும், கிராம சபை அதை ஒத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் டெல்லியிலிருந்து குழு வந்து பார்க்கும் என்றார்கள். காலத்தில் போய்ச் சேராவிட்டால் பணம் வந்த வழியே திரும்பிவிடும். நீங்கள் ஊராட்சித் தலைவர், மீன்கூடை இறக்கிய கையோடு நாற்காலிக்கு வந்தவர். நான் உப்பளத் தெரு வார்டு மெம்பர். மெம்பர் என்பது பேருக்கு. ஊராட்சியின் மூளை என்று என்னைச் சொல்வார்கள். முதலில் சொன்னது நான்தான், அப்புறம் மற்றவர்களும் சொன்னார்கள்.

ஓவர்சியர் நீலத் தாளில் திட்டம் போட்டுக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். பெருமுக்கல் பக்கத்திலிருந்து மொபெட்டில் வெயிலைத் தின்றுகொண்டு வருவார். தாளை விரித்ததும் மொத்தக் கிராம சபையும் தலையை ஆட்டியது. தலைகீழாக விரித்திருந்தாலும் ஆட்டியிருக்கும். எல்லோருக்கும் முன்னால் நான் ஆட்டினேன். நீங்கள் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"சார், இதுல என் வீடு எங்க?"

நடு வரிசையில், நடுவிலிருந்த ஒரு கட்டத்தில் அவர் விரலை வைத்தார்.

"அலை வந்தா நான் எந்தப் பக்கம் ஓடறது?"

"அது இதுல வராதும்மா. இது ஹவுசிங்."

"ஹவுசிங்குன்னா உள்ள போறதுக்கு மட்டுமா சார்? வெளிய வர்றதுக்குக் கெடையாதா?"

கொட்டகையே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. அலை வந்த அன்றைக்கு உங்கள் தங்கச்சி ஆபரேஷன் பிரசவம் ஆகி, எழுந்து நடக்க முடியாமல் படுத்திருந்தாள். கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். பழைய குப்பத்துச் சந்து ஒரு மதிலில் முட்டித் திரும்பும். சந்து திரும்பியது, கட்டில் திரும்பவில்லை. பச்சைப் பிள்ளையை உங்கள் கையில் திணித்து, "நீ போக்கா" என்றாளாம். நீங்கள் இதை யாரிடமும் சொன்னதில்லை. கட்டிலின் மறுமுனையைப் பிடித்திருந்த உங்கள் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

புது இடமும் தாளில் அழகாகத்தான் இருந்தது. கிழக்கே கடல், மேற்கே மேட்டில் பெரிய ரோடு, இடையில் தோளோடு தோள் ஒட்டி நீள நீளமாக வீட்டு வரிசைகள். தெற்கே உப்பளக் கரை மறித்துவிடும். மேட்டுக்குப் போக வேண்டுமானால் வடக்கு மூலையில் ஒரே வழி. மற்ற வரிசைகளில் குழாயடிக்கென்று நடுவில் இடைவெளி இருந்தது, நடு வரிசை மட்டும் முழுசாக மறித்தது. அந்த வரிசையையும் நடுவில் அறுத்து நேராக ரோட்டுக்கு ஒரு சந்து வேண்டும் என்று கேட்டீர்கள். இடம் போதாது, ஒரு வீடு குறைந்துவிடும், யாருடைய வீட்டை எடுப்பது என்று ஓவர்சியர் கையைப் பிசைந்தார். வீடு போன சனத்திடம் வீட்டை விட்டுக் கொடு என்றால் யார் பேசுவார்?

கூட்டம் கலைந்ததும் என்னைக் கூப்பிட்டீர்கள். "ஏம்பா மேஸ்திரி, இந்தத் தாளை அப்படியே தரையில போட முடியுமா? வீடு வீட்டளவுக்கு."

"முடியுமாவாவது? டெல்லியவே போட்டுக் காட்றேன். ரெண்டு மூட்டை சுண்ணாம்புப் பொடி வாங்கிக் குடுங்க."

"சுண்ணாம்பு வேணாம். மிதிச்சுட்டுப் போயிடுவாங்க. உப்பு கொண்டா."

செலவை மிச்சம் பிடிக்கிறீர்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். உப்புக்கும் பஞ்சமில்லை. கடல் புரண்டதில் சேறு கலந்து, விலை போகாமல், எங்கள் அளத்தில் குன்று குன்றாகக் கிடந்தது. முதலாளி எடுத்துக்கொண்டு போ என்றார். நாலு டிராக்டர் அடித்தேன். என் அக்கா மகன் இதைக் கேட்கும்போதெல்லாம், "மாமா, போன பொங்கலுக்கு ரெண்டு டிராக்டராத்தான இருந்துச்சு?" என்பான். அவனுக்கு என்ன தெரியும், லோடு கணக்கு வேறு, டிராக்டர் கணக்கு வேறு.

பாத்தி கட்டிப் பழகிய கை அம்மா இது. முளை அடித்து, கயிறு பிடித்து, கூடையிலிருந்து ஒரே சீராக உப்பை விட்டுக்கொண்டே நடந்தோம். சுவருக்கு உப்பு, வாசலுக்கு இடைவெளி. முடித்துவிட்டு ரோட்டு மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். பழுப்பு மண்ணில் வெள்ளையாக ஒரு ஊர் படுத்திருந்தது. கூரை கிடையாது, சுவர் கணுக்கால் உயரம். வெயில் பட்டதும் ஊரே கண் கூசியது. எங்கோ போய்விட்ட ஊர் நிழலாக முதலில் திரும்பி வந்து, உடம்பு பின்னால் வருகிறது என்று சொன்னதுபோல் இருந்தது.

சனம் வந்தது. அவரவர் கட்டத்தைத் தேடிப் பிடித்து உள்ளே போனார்கள். ஒருத்தர் தன் வீட்டில் மல்லாந்து படுத்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, "ஏம்பா, யாரு வந்தாலும் நான் இல்லன்னு சொல்லிடுங்க" என்றார். பெண்கள் அதற்குள் சண்டையே தொடங்கிவிட்டார்கள்.

"ஏண்டி, உன் வாசப்படி என் அடுப்பை மொறைக்குது!"

"நல்லதாப் போச்சு. உன் கொழம்புல காரம் போதலன்னு இங்கேர்ந்தே சொல்லிடுவேன்."

அப்போதுதான் கவனித்தேன். ஒருவர்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. அடுத்த வீட்டுக்குப் போகிறவர்களும் தன் வாசலால் வெளியே வந்து, தெருவைச் சுற்றி, அந்த வாசலால் உள்ளே போனார்கள். உப்பை மிதிக்கவும் கூடாது, தாண்டவும் கூடாது. அளத்தில் நாளெல்லாம் உப்பில் நிற்கிற நாங்களே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பாத்தியில் கால் வைப்போம். வெளியே சிந்திக் கிடப்பதை மிதிப்பதும் தாண்டுவதும் எங்கள் பக்கத்தில் நடக்காது.

டெல்லி அதிகாரி வந்தார். ராஷ்டிரபதிக்குக் கீழே நாலாவது ஆள். சரி, ஆறாவது என்று வைத்துக்கொள்வோம். ஷூ காலோடு உங்கள் கட்டத்துக்கு நேரே வந்து கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினார். குப்பத்தில் வாய்க்குப் பேர்போன மீன்காரம்மா ஒருத்தி போட்டாள் ஒரு சத்தம்.

"சாரே! செவுத்துல ஏறாதீங்க! வாசல் அந்தாண்ட இருக்குது!"

எங்கள் ஆபீசர்களுக்கு முகம் வெளுத்தது. அந்த மனிதர் தூக்கிய காலை அப்படியே பின்னுக்கு வைத்தார். சுற்றிக்கொண்டு போய், வாசல் இடைவெளியில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நீங்கள் முறத்தைக் கவிழ்த்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றீர்கள். இந்தியாவிலேயே அரசாங்கம் முறத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் உட்கார்ந்ததும் நீங்கள் எழுந்தீர்கள். ஒரு தகர டின்னைத் தட்டினீர்கள். "அலை வருது! ஓடுங்க!"

முதலில் சிரித்தார்கள். நீங்கள் மறுபடியும் தட்டினீர்கள். உங்கள் குரலில் என்ன இருந்ததோ, சிரிப்பு நின்றது, எல்லோரும் ஓடினார்கள். கடல் பக்கத்து வரிசையிலிருந்து மொத்தச் சனமும் தெருவோடு வடக்கே ஓடி, அந்த ஒற்றை மூலையில் போய் அடைத்துக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களை நெருக்கினார்கள். பிள்ளைகள் அழுதன. இரண்டு எட்டு வைத்தால் திறந்த வெளி. மேட்டு ரோடு கண்ணுக்கு முன்னால். ஆனாலும் ஒரு கால் உப்பைத் தாண்டவில்லை. ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு கோட்டின் விளிம்பில் கால் விரல் நடுங்க நின்றாள்.

டின் சத்தம் நின்றது. கடல் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அப்போதுதான் புரிந்தது, சுண்ணாம்பு ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று. ஊராட்சியின் மூளை அன்றைக்கு எங்கே இருந்தது என்பதும் புரிந்தது.

அதிகாரி ஏதோ கேட்டார். ஓவர்சியர் தமிழில் சொன்னார். "இவ்ளோ உயரம்தான, தாண்டிப் போயிடலாமேன்னு கேக்கறாரும்மா."

"அன்னிக்கு செவுரு இருந்துச்சு. இன்னிக்கு உப்பு இருக்குது. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுங்க சார்."

ஓவர்சியர் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி முறத்திலிருந்து எழுந்து அந்த மூலை வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சந்து விடலாம் என்றார். எந்த வீட்டை எடுப்பது என்ற பேச்சு மறுபடியும் வந்தது. எல்லோரும் அவரவர் கட்டத்துக்குள் போய் நின்றுகொண்டார்கள். அந்த நிமிஷம் சந்து போய்விடும் என்றே நினைத்தேன்.

நீங்கள் டின்னைக் கீழே வைத்தீர்கள். உங்கள் கட்டத்தின் மேற்குச் சுவர்ப் பக்கம் மண்டி போட்டு உட்கார்ந்தீர்கள். உப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். இரண்டு கையாலும் அள்ளி மடியில் கட்டிக்கொண்டீர்கள். அப்புறம் கிழக்குச் சுவர். சுவர் போன இடத்தில் கடலிலிருந்து ரோடு வரைக்கும் வெளி தெரிந்தது. முதலில் ஓடியது அந்தக் கால் விரல் நடுங்க நின்ற பெண்தான். அவள் பின்னால் எல்லோரும். எந்த நெரிசலும் இல்லாமல் மேடேறிப் போய் நின்று திரும்பிப் பார்த்தார்கள். கீழே நீங்கள், மடியில் உங்கள் வீட்டோடு.

திட்டம் டெல்லிக்குப் போனது, சந்தோடு. இரண்டாயிரத்து ஆறில் வீடுகள் எழும்பியபோது எட்டடி போதுமே என்று ஓவர்சியர் இழுத்தார். நீங்கள் ஒரு கட்டிலைக் கொண்டுவரச் சொன்னீர்கள். குறுக்கே தூக்கிப் பிடித்த நாலு பேரில் நானும் ஒருவன். "அப்படியே நில்லுங்க. ரெண்டு பக்கமும் ஆளு ஓடணும். இப்ப அளங்க சார்." அவர் டேப்பை இழுத்தார். பன்னிரண்டு அடி.

பதவி முடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு பழையபடி மீனுக்குப் போனீர்கள். கடைசி வரைக்கும் அண்ணன் வீட்டுப் பக்கத்து அறைதான். உங்களுக்குத் தனி வீடு வாங்கித் தர மனு எழுதுகிறேன் என்று எத்தனை தடவை கிளம்பினேன்! "எனக்குத்தான் இருக்கே, நடந்து போய்ப் பாரு" என்று அனுப்பிவிட்டீர்கள். அதனால்தான் வெளியூர்க்காரர் யாராவது தலைவரம்மா வீடு எது என்று கேட்டால், நான் அந்தச் சந்தைக் காட்டுகிறேன்.

ஊர் பெருத்துவிட்டது. படிக்கட்டை நீட்டலாமா, பைக்குக்கு ஷீட் போடலாமா என்று ஆளாளுக்குச் சந்தைப் பார்க்கிறார்கள். சட்டம் பேசிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. இப்போது வருஷா வருஷம் முதல் உப்பு வாரியதும் ஒரு கூடை எடுத்துப் போய் இரண்டு ஓரத்திலும் கோடு விட்டு வருகிறேன். மழை வந்து கரைக்கும் வரைக்கும் ஒரு செங்கல் அந்தக் கோட்டுக்குள் வருவதில்லை.

நேற்று ராத்திரி வீட்டில் உங்கள் பெண் ஸ்கூட்டரை நிறுத்தியதைச் சொல்லிவிட்டு, இந்தக் கதையை மறுபடியும் எடுத்தேன். டிராக்டர் அஞ்சு ஆனது. டெல்லி அதிகாரி மூன்றாவது ஆளாக உயர்ந்தார். அக்கா மகன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "சரி மாமா, அந்தச் சந்து எவ்ளோ அகலம்? ரெண்டு லாரி போவுமா?"

வாயைத் திறந்தேன் அம்மா. பன்னிரண்டு அடி என்றேன். அதற்கு மேல் ஓர் அங்குலம் கூட்டிச் சொல்ல நாக்கு எழவில்லை.